பள்ளத்தாக்கு வைத்திருந்த குரல்

எங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தப்பான செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். இருபத்திநான்கு வருஷம் வாதி நஹ்லா என்கிற அந்தப் பள்ளத்தாக்கின் நுழைவாயிலில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்தவன் நான், இதை நிச்சயமாகச் சொல்வேன் ஐயா. தலைநகர் அம்மானிலிருந்து வரும் பெண்கள் குதிகால் வைத்த செருப்போடு ஓடையில் இறங்குவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கனத்த பூட்ஸோடு வந்து, முதல் குளத்திலேயே அதில் தண்ணீர் நிறைந்து, கால் கட்டிய கழுதைபோல நடப்பார்கள். மெல்லிய ரப்பர் அடியும் இறுக்கமான நாடாவும் இருந்தால் அங்கே போதும். லுவாய் அன்றைக்குச் சரியான செருப்புதான் போட்டிருந்தான். நான்தான் வாங்கிவரச் சொல்லியிருந்தேன். அவன் விழுந்ததற்குச் செருப்பு காரணமில்லை. என் கையும் காரணமில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

லுவாய் என் மாப்பிள்ளை. என் ஒரே மகள் ஹியாமின் கணவன். அம்மானில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தான். ஹியாம் ரத்தத்தில் நோய் வந்து, ஆறு மாதம் படுத்து, போய்ச் சேர்ந்தபோது குழந்தை ஜுமானாவுக்கு இரண்டு வயது. அவனால் வேலைக்கும் போய்க்கொண்டு குழந்தையையும் பார்க்க முடியவில்லை. என்னிடம் கொண்டுவந்து விட்டான். என் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள், வீட்டில் நான் ஒருவன்தான். தலை பின்ன நானே கற்றுக்கொண்டேன். முதல் வருஷம் பின்னல் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கும். தூங்கும்போது அவள் என் சட்டைக் கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரலை விட்டுக்கொள்வாள். ஹியாமும் சின்ன வயதில் அப்படித்தான்.

லுவாய் நல்லவன். வியாழக்கிழமை தவறாமல் வருவான், வெள்ளி இருந்துவிட்டுப் போவான். குழந்தைக்கு எள்ளு மிட்டாய், எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை. நான்கு வருஷத்தில் ஒரு வாரம்கூட விட்டதில்லை. அவனைக் கெட்டவனாக்கி என் பக்கத்தை நியாயப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை.

ஜுமானாவுக்கு ஆறு வயது நடந்தபோது அவனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. காரை விற்றான், வீட்டைக் காலி செய்தான். குழந்தைக்கும் பாஸ்போர்ட் எடுத்தான். புறப்பட ஒன்பது நாள் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தகப்பன் மகளைக் கூட்டிப்போகிறான், தாத்தாவுக்கு அதில் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்று மட்டும் கேட்டேன். போவதற்கு முன்னால் குழந்தைக்கு ஒரு நாள் பள்ளத்தாக்கைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று. அவன் உடனே சரி என்றான். வழக்கம்போல வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினான்.

மறுநாள் வெள்ளி, நவம்பர் மாதம். கூட்டமே இல்லை. நுழைவாயிலில் என் கூட்டாளி தைசீர் இருந்தான். அவன் மனைவி நவ்பா பக்கத்திலேயே டீக்கடை வைத்திருந்தாள். தைசீர் லுவாயைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன கனடாக்காரரே, எங்க ஊர்ப் பாறையெல்லாம் கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியாம எங்க போகும்? அங்க போனா ஐஸ்கட்டியைத்தானே பார்க்கணும்."

"மருமகன் ஊரை விட்டுப் போறான், மாமனார் மூஞ்சி மட்டும் பால் புளிச்ச மாதிரி இருக்கு பாரு," என்றாள் நவ்பா. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கீழ்ப்பாதையில் மூவரும் போனோம். அங்கே தண்ணீர் குழந்தையின் முழங்கால் அளவுதான். இரண்டு பக்கமும் பாறைச்சுவர் ஈரல் நிறத்தில் எழும்பி, மேலே போகப் போக நெருங்கி, வானம் ஒரு நாடா அளவுக்குத் தெரியும். ஜுமானா விரலளவு மீன்களை இரண்டு கையாலும் அள்ளப் பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை. "தாத்தா, இதுங்களுக்கு வீடு எது?" என்றாள். "இதுதான்," என்றேன். "அப்ப இதுங்க கனடாவுக்கு வராதா?" என்றாள். லுவாய் அவளைத் தூக்கிச் சுழற்றினான். ஒரு மலையாடு உச்சியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரளிப் புதருக்கு அருகில் உட்கார்ந்து ரொட்டி, தயிர்க்கட்டி, ஆலிவ், அவித்த முட்டை சாப்பிட்டோம். சுள்ளி பொறுக்கி டீ போட்டேன். நல்ல நாள். என் வாழ்க்கையில் நல்ல நாட்களை எண்ணச் சொன்னால் அன்றைய மத்தியானம் வரைக்கும் அதில் சேர்ப்பேன்.

அப்போதுதான் லுவாய் பேசினான்.

"மாமா, நீங்களும் எங்ககூட வந்துடுங்க. ஒரு வருஷத்துல உங்களுக்கும் பேப்பர் போட்டுடலாம். விசாரிச்சுட்டேன்."

"நான் வந்துட்டா ஹியாம் கல்லறைக்கு யார் தண்ணி ஊத்துறது?"

குழந்தை தூரத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது மாமா. எனக்கு ஹியாமோட முகம் ஞாபகம் இருக்கு. குரல் மறந்துபோச்சு. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்க்கிறேன், வரமாட்டேங்குது. அந்த வீட்ல, அந்தத் தெருவுல இருந்துக்கிட்டே மறந்துபோறது தாங்க முடியலை. அதான் போறேன்."

அவன் அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கணக்கு மட்டும் மனதில் ஓடியது. கட்டியவனுக்கே நான்கு வருஷத்தில் அவள் குரல் போய்விட்டது. குழந்தைக்கு அங்கே எத்தனை நாள் தாங்கும்? முதலில் ஹியாம் போவாள், பிறகு நம் பேச்சு போகும், அப்புறம் நான். இதில் தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை, யாரும் நினைக்கக்கூடியதுதான்.

ஜுமானா கால் வலிக்கிறது என்றாள். திரும்பி வந்து அவளை நவ்பாவிடம் விட்டோம். லுவாய்க்கு மேல்பாதையில் இருக்கும் ஜன்னல் பாறையைப் படமெடுக்க ஆசை. குளிர்காலத்துக்காக மேல்பாதையைச் சங்கிலி போட்டு மூடியிருந்தோம். சாவி என்னிடம் இருந்தது. சங்கிலி தாண்டி முதல் வளைவு, அதற்கப்புறம் ஒரு வழுக்குப்பாறை. மூன்று ஆள் உயரம், கம்பிக்கயிறு பிடித்து ஏற வேண்டும். ஏறினோம், படம் எடுத்தான். இறங்கும்போது நான் முதலில் இறங்கிவிட்டேன். அவன் பாதியில் கயிற்றை விட்டு ஒரு கையால் போனைப் பைக்குள் வைக்கப் பார்த்தான். அவ்வளவுதான்.

தொடை எலும்பு போய்விட்டது என்று பார்த்ததும் தெரிந்தது. போன் தண்ணீரில் விழுந்து அணைந்துவிட்டது. என் போனுக்கு அந்தக் குடைவுக்குள் எப்போதும் சிக்னல் வராது. அவனைத் தண்ணீரிலிருந்து இழுத்து உலர்ந்த திட்டில் சாய்த்தேன். என் கோட்டைப் போர்த்தினேன். தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தேன், மிச்ச ரொட்டியையும் வைத்தேன். இதெல்லாம் நான் செய்தேன் ஐயா. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, ஆனாலும் சிரிக்கப் பார்த்தான்.

"கனடாவுக்குப் போற காலை இங்கயே உடைச்சுக்கிட்டேன் பாருங்க மாமா."

"பேசாம படு. ஒன்றரை மணி நேரத்துல ஆள் கூட்டிட்டு வரேன்."

"ஜுமானாகிட்ட சொல்லிடாதீங்க. பயந்துடுவா."

அது அவனே கேட்டது. நான் அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். பதிமூன்று வருஷம் அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன்.

நான் ஓடினேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. சங்கிலிவரைக்கும் ஓடினேன். பிறகு நடந்தேன். ஐம்பத்திரண்டு வயது, மூச்சு வாங்கியது. நுழைவாயிலில் வயர்லெஸ் ரேடியோ இருந்தது. அதில் ஒரு வார்த்தை சொன்னால் மீட்புப் படை வந்துவிடும், எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையை வாய்க்குள் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஜுமானா டீக்கடையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து என் ஈரக்காலைக் கட்டிக்கொண்டாள்.

"தாத்தா, நீ வந்துட்டியா! நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

அப்பா எங்கே என்று அவள் கேட்கவில்லை, ஐயா. நீ வந்துட்டியா என்றுதான் கேட்டாள்.

தைசீர்தான் கேட்டான். "ஹியாம் அப்பா, எங்கய்யா மாப்பிள்ளை?"

"மேல ஏறி ரோட்டுக்குப் போயிட்டான். அம்மான்ல ஏதோ பேப்பர் வேலையாம். சிநேகிதன் கார் வந்துச்சு."

"சொல்லாமக்கூடப் போயிட்டாரா? இப்பவே கனடாக்காரராயிட்டாரு போங்க," என்று சொல்லிவிட்டு தைசீர் பதிவுப் புத்தகத்தில் எங்கள் பெயர்களுக்கு எதிரே, வெளியே வந்துவிட்டார்கள் என்று கோடு போட்டான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சொற்கள் என் வாயிலிருந்து எப்படி வந்தன என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வந்துவிட்டன. வந்த பிறகு அவற்றைத் திரும்ப எடுப்பது, ரேடியோவில் பேசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்குப் போய் குழந்தைக்குப் பருப்புச் சூப் வைத்துக் கொடுத்தேன். எலுமிச்சை அதிகமாகப் பிழிந்துவிட்டேன், அவள் முகம் சுளித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை நான் அவனை வெளியே கொண்டுவரப் புறப்பட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கம்பளி, கட்டுப்போடும் துணி, இரண்டு பலகைத்துண்டு, சூடான பால் ஒரு பிளாஸ்க், எல்லாம் எடுத்துக்கொண்டேன். தனியாளாகத் தூக்க முடியாது, ஆனால் முதலில் அவனுக்குச் சூடு கொடுத்துவிட்டு, பிறகு தைசீரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஜுமானா என் சட்டையை விடவில்லை. நவ்பா அன்றைக்குக் கடை திறக்கவில்லை, அவளை விட்டுவிட்டுப் போக வேறு ஆளும் இல்லை. சங்கிலிக்கு இந்தப் பக்கமே உட்காரவைத்துவிடலாம் என்று கூட்டிப்போனேன். தைசீர் கேட்டதற்கு மேல்பாதையில் கயிறு சரிபார்க்கப் போகிறேன் என்றேன்.

குழந்தை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். சத்தமாகத்தான் பேசுவாள். சங்கிலியைத் திறந்ததும் உட்காரமாட்டேன் என்று கூடவே வந்துவிட்டாள். முதல் வளைவுக்கு வந்ததும் அந்தக் குரல் கேட்டது. அவள் பேச்சு அவனுக்கு எட்டியிருக்க வேண்டும்.

"ஜுமானா..."

தொண்டை வறண்டு, பாதி காற்றாக இருந்தது. ஆனால் அவன்தான். ஒரு ராத்திரி முழுக்க அந்தக் குளிரில் கிடந்தும் அவன் உயிரோடு இருந்தான். ஜுமானா என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"தாத்தா, அப்பா! அப்பா கூப்பிடுறாரு!"

ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வளைவைத் தாண்டினால் முப்பது அடி. அவன் என்னைப் பார்ப்பான். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பான். அல்லது கேட்கவே மாட்டான், அவன் குணம் அப்படி. கால் கட்டுப்போட்டுக் கொஞ்ச நாள் கிடப்பான், எழுந்து நடப்பான். ஒன்பது நாளில் போகாவிட்டால் மூன்று மாதத்தில் போவான். குழந்தையும் போவாள். நேற்று நான் சொன்ன பொய்யைத் தூக்கிக்கொண்டு போவாள். அவளுக்கு என்னைப் பற்றி ஞாபகம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

"அப்பா இல்லம்மா," என்றேன். "நேத்து அப்பா இங்க நின்னு உன்னைக் கூப்பிட்டாரு. இந்தப் பள்ளத்தாக்கு அதை எடுத்து வெச்சுக்கிச்சு. இப்ப திருப்பிக் கொடுக்குது."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நீயும் கூப்பிட்டுப் பாரு."

அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்து, "அப்பா!" என்று கத்தினாள். உடனே பதில் வந்தது. முன்னைவிடப் பலமாக, இரண்டு தடவை. "ஜுமானா! ஜுமானா!" அவள் சந்தோஷத்தில் குதித்தாள். இவ்வளவு பெரிய விளையாட்டுச் சாமானை அவள் கண்டதில்லை. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டேன், திரும்பி நடந்தேன். என் தோளுக்குப் பின்னால் அவள் பள்ளத்தாக்குக்குக் கையசைத்துக்கொண்டே வந்தாள். சங்கிலியைப் பூட்டும்வரை குரல் வந்துகொண்டிருந்தது. எனக்கு எண்ணும் பழக்கம் உண்டு. பதினொரு தடவை. கடைசியில் ஜுமானா என்று கூப்பிடவில்லை, மாமா என்று கூப்பிட்டான்.

பிளாஸ்கில் இருந்த பாலை வழியில் குழந்தைக்குக் கொடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. அன்றைக்கு அவன் உயிரோடு இருந்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை அவன் அண்ணன் கைஸ் அம்மானிலிருந்து போன் செய்தான், தன்னோடு தங்கியிருந்த தம்பி திரும்பவில்லை என்று. ரோட்டுப்பக்கம் ஏறுவதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நாற்பது பேர் மேட்டுநிலம் முழுக்கத் தேடினார்கள். அவர்களுக்கு நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். ஒருவன் மேல்பாதையில் பார்த்தீர்களா என்று கேட்டான். சனிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை என்றேன். தைசீரும் ஆமாம், போனார் என்றான். புதன்கிழமை மழை. ஓடை ஆள் உயரத்துக்கு வந்தது. பதினொரு நாள் கழித்துக் கீழே, ஓடை வெளியே விழும் இடத்தில் கிடைத்தான். மேலிருந்து தவறி விழுந்து வெள்ளம் அடித்துவந்ததாக எழுதினார்கள். என் கோட்டை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

துக்க வீட்டில் கைஸ் என் தோளில் சாய்ந்து அழுதான். மூன்று நாளும் கசப்புக் காப்பி நானே ஊற்றிக் கொடுத்தேன். கடைசி நாள் அவன், "மாமா, குழந்தை உங்ககிட்டயே இருக்கட்டும். எங்களால உங்களை மாதிரிப் பார்த்துக்க முடியாது," என்றான். நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

அவளை நன்றாகத்தான் வளர்த்தேன். யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். ஹியாமுக்குப் பக்கத்திலேயே லுவாயை அடக்கம் செய்தோம். வாரம் ஒரு தடவை இரண்டு பேருக்கும் தண்ணீர் ஊற்றுவேன், ஒருவருக்குக் கூட ஒருவருக்குக் குறைய ஊற்றியதில்லை. ஜுமானா பள்ளிக்கூடம் முடித்தாள், இர்பித் கல்லூரிக்குப் போனாள். பத்தொன்பது வயது. சிரிக்கும்போது லுவாய் மாதிரியே ஒரு கண் சின்னதாகும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் கல்லூரித் தோழிகளோடு வாதி நஹ்லாவுக்குப் போனாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், தண்ணீர் ஜாஸ்தி என்றேன். போய்விட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் ஈரச்செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

"தாத்தா, அந்த வளைவுல நின்னு கத்திப் பார்த்தேன்."

"ம்."

"ஒண்ணும் திரும்பி வரலை."

"காத்து அடிச்சா வராதும்மா."

"காத்தே இல்லை. எட்டு தடவை கத்தினேன். என் ஃப்ரெண்ட்ஸும் கத்தினாங்க. அங்க எதிரொலியே கிடையாதாம், அங்க நின்ன கைடு சொன்னாரு. நாணலும் சரிஞ்ச கல்லும் சத்தத்தை முழுங்கிடுமாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"சின்ன வயசுல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு இருந்தேன். எங்க ஊர்ப் பள்ளத்தாக்கு எங்கப்பா குரலை ஒரு நாள் எனக்காக வெச்சிருந்துச்சுன்னு. பெரியவளான பிறகு அது நீ எனக்காகக் கட்டின கதைன்னு நெனச்சுக்கிட்டேன். கூப்பிட்டதே என் பிரமைன்னு நெனச்சேன். இன்னைக்கு அந்த எடத்துல நின்னப்ப, அப்பா எப்படிக் கூப்பிட்டாருன்னு காதுல அப்படியே வருது. தாத்தா, அது அப்பாவா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம், அவள் நம்பியும் இருக்கலாம். ஆமாம் என்றேன். அதை என் பக்கத்தில் எழுதுங்கள்.

"நான் கத்தினதுக்குப் பதில் சொன்னது?"

"அவன்தான்."

"நான் சிரிச்சேன்ல?"

"சின்னப் பிள்ளைதானேம்மா."

எழுந்துபோய்ச் செருப்பைக் கழற்றி முற்றத்தில் வைத்தாள். முகம் கழுவினாள். இரண்டு நாள் வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டாள், ஆனால் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. இன்று காலை, "கோட்டை எடுத்துக்கோ, குளுருது," என்றாள். அவள்தான் வண்டி ஓட்டிவந்தாள். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டு, "நீயே சொல்லு," என்றாள். சொல்லிவிட்டேன்.

லுவாயை நான் கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், அந்த வார்த்தைக்கு நான் தகராறு செய்யமாட்டேன். ரேடியோ என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவன் குரல் என் காதில் விழுந்தது. நான் திரும்பி நடந்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது, ஐயா. வெளியே பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள். நான் கூட இருந்தே ஆகவேண்டும். என்னை விட்டால் அந்தப் பெண்ணுக்கு யாருமே இல்லை.